கல்லின் வயதும் சிலையின் வயதும்

இரசாயன வகுப்பில் பளிங்குத் துண்டின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டதும், அது நுரைத்துப் பொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த எளிய பாடமே பெரும் விலை கொடுத்து வாங்கப்பட்ட ஒரு சிலையின் வழக்கில் சாட்சி சொல்ல நேர்ந்தது.

1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள கெட்டி அருங்காட்சியகம், 'கூரோஸ்' எனப்படும் கிரேக்க இளைஞன் சிலையொன்றை வாங்கியது. உயரம் ஏறக்குறைய 2 மீட்டர், காலம் கி.மு. 530-ஐ ஒட்டியது என்றனர். ஆனால் அதைக் கண்ட கலையறிஞர் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. கூந்தல் ஒரு காலத்துப் பாணி, பாதங்கள் வேறொரு காலத்துப் பாணி!

கார்பன்-14 முறையில் வயதைக் கண்டுவிடலாமே என்று நமக்குத் தோன்றும். அம்முறை ஒரு காலத்தில் உயிரோடிருந்த மரம், எலும்பு போன்றவற்றிற்கே உதவும். பளிங்கோ மனிதன் தோன்றுமுன்பே உருவான கல். பழைய சிலைக்கும் நேற்றுச் செதுக்கிய சிலைக்கும் கல்லின் வயது ஒன்றே. உளி பட்ட காலத்தை அறிய மேற்பரப்பைத்தான் ஆராய வேண்டும்.

நிலவியலறிஞர் ஸ்டான்லி மார்கோலிஸ், சிலையின் முழங்காலருகே சிறு துளையிட்டு மாதிரி எடுத்தார். கல், கிரேக்க நாட்டின் தாசோஸ் தீவுக்குரிய டோலமைட் பளிங்கு என்று தெரிந்தது. டோலமைட் என்பது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட். மண்ணில் நெடுங்காலம் கிடந்தால் மேற்பரப்பிலுள்ள மக்னீசியம் மெல்லக் கரைந்துபோக, கால்சைட் படலம் எஞ்சும். அத்தகைய படலத்தை அவர் கண்டார். இது பல நூற்றாண்டுகளின் வேலை, ஆகவே சிலை பழையதே என்று முடிவு கட்டினார்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. சிலையின் பூர்வீகத்திற்குச் சான்றாக வந்த கடிதங்களுள் 1952 எனத் தேதியிட்ட ஒன்றில், 1972-ல்தான் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண் இருந்தது! (ஏமாற்றுகிறவன் எவ்வளவு சிறிய இடத்தில் சறுக்குகிறான், பாருங்கள்.) 1990-ல் இதைப் போன்ற வேறோர் உடற்சிலை வெளிப்பட்டது, அது அமிலத்தால் பழமை ஏற்றப்பட்ட போலி. டோலமைட்டின் மேற்பரப்பை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக மாற்ற முடியும் என்பதும் தெரியவந்தது. நூற்றாண்டுகளின் வேலை என்ற வாதம் ஆட்டங்கண்டது.

1992-ல் ஏதென்ஸ் நகரில் அறிஞர்கள் கூடி விவாதித்தும் ஒருமுடிவுக்கு வரவில்லை. அருங்காட்சியகம் சிலையின் பெயர்ப்பலகையில், 'கிரேக்கம், ஏறத்தாழ கி.மு. 530, அல்லது தற்காலப் போலி' என்று பொருள்பட எழுதி வைத்தது. பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர்கள் இப்படி எழுத எவ்வளவு துணிவு வேண்டும்! 2018-ல் சிலை காட்சிக்கூடத்திலிருந்து அகற்றப்பட்டது.