பலகையும் பணப்பையும்

கேள்வி: அமெரிக்காவில் துப்பாக்கி உரிமம் உள்ளவர்கள், 'துப்பாக்கிக்கு அனுமதி இல்லை' எனப் பலகை வைத்த கடைகளைப் புறக்கணிக்கிறார்களாமே, சரிதானா?

பதில்: அவர்களின் கோபத்துக்குப் பின்னால் ஒரு பழைய காயம் உண்டு. 1991 அக்டோபரில் டெக்சஸின் கில்லீன் நகரில், லூபீஸ் உணவகத்துக்குள் ஒருவன் புகுந்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோரைப் பறிகொடுத்த சுசானா ஹப், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுத்த அன்றைய சட்டத்துக்கு அஞ்சித் தன் கைத்துப்பாக்கியைக் காரிலேயே விட்டு வந்திருந்தார். 1995இல் அம்மாநிலம் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தரும் சட்டத்தை இயற்றியது. ஹப் பிறகு சட்டமன்ற உறுப்பினரானார்.

ஆனால் கடைக்காரருக்கும் உரிமை உண்டே! டெக்சஸில் '30.06' எனப்படும் தடைப் பலகையை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில் வைத்துவிட்டால், துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நுழைவது குற்றம். பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகலாம்; யாரும் குறைசொல்ல முடியாது. ஏன் வரவில்லை என்று முதலாளியிடம் சொன்னால்தான் அவருக்கும் உறைக்கும். அதே கடைக்குள் போவதற்காகத் துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டுப் போனால் திருடனுக்குக் கொண்டாட்டம்.

கோபப்படுமுன் பலகையைச் சரியாகப் படிப்பது நல்லது. டெக்சஸின் எல் பாசோ நகரில் தன் கடையில் நடந்த துப்பாக்கிப் படுகொலைக்குப் பின், 2019 செப்டம்பரில் வால்மார்ட் கேட்டுக்கொண்டது, வெளிப்படையாக ஏந்தி வர வேண்டாம் என்று மட்டுமே. உரிமத்துடன் மறைத்து எடுத்து வருவோரை அது தொடவில்லை.

ஸ்டார்பக்ஸ் கதை வேடிக்கையானது. துப்பாக்கியோடு வருவோரை அது தடுக்காததால், 2012 காதலர் தினத்தன்று துப்பாக்கி எதிர்ப்பாளர்கள் அதைப் புறக்கணிக்க அழைத்தார்கள். ஆதரவாளர்களோ ஆயுத உரிமை பற்றிய இரண்டாம் சட்டத்திருத்தத்தின் அடையாளமாக 2 டாலர் நோட்டுகளை நீட்டிக் காபி குடித்தார்கள். மறு ஆண்டே அதன் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், துப்பாக்கியோடு வராதீர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். தடையல்ல, வேண்டுகோள்தான்.