ரூட் 66-ல் ஜோடியாகக் கிளம்புறீங்களா? அக்காவின் டிப்ஸ்!

கல்யாணமாகி அமெரிக்காவில் குடித்தனம் போட்டிருக்கும் தங்கச்சிகளே, ‘லாங் டிரைவ் போகலாமா’ன்னு பேச்சு வந்தாலே முதலில் வருவது ரூட் 66 தான். தாராளமா போங்க. ஆனா சிகாகோவில் தொடங்கி சான்டா மோனிகா வரைக்கும் ஒரு வார லீவிலேயே ஓட்டி முடிச்சிடணும்னு கிளம்பாதீங்க. மொத்தம் சுமார் 2,400 மைல், எட்டு மாநிலம். அங்கங்கே இறங்கிப் பார்த்துப் போக ரெண்டு வாரமாவது வேணும். கையில் ஒரு வாரம்தான் இருக்குன்னா, நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி வரைக்கும் விமானத்தில் போய், அங்கே கார் எடுத்து மேற்கே கடல் வரைக்கும் போங்க. பாலைவனம், மலை ரோடு, பழங்குடி ஊர்கள், கடைசியில் கடல் எல்லாமே அதுக்குள்ளேயே வந்துடும். மிச்சத்தை இன்னொரு வருஷம் பார்த்துக்கலாம்.

அரசாங்கக் கணக்குப்படி இந்த ரோடு இப்போ இல்லைங்கறது பலருக்குத் தெரியாது. 1926-ல் நம்பர் கொடுத்த ரோட்டை 1985-ல் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலில் இருந்தே எடுத்துட்டாங்க. இன்டர்ஸ்டேட் வந்த பிறகு பழைய ரோடு துண்டு துண்டா நிக்குது. ஒரு இடத்தில் அது ஊரின் மெயின் ரோடு, இன்னொரு இடத்தில் ஐ-40 இன்டர்ஸ்டேட்டை ஒட்டிப் போகும் சர்வீஸ் ரோடு, சில இடத்தில் ஐ-40-க்கு அடியிலேயே போயிடுச்சு. அதனால போனில் போக வேண்டிய ஊரை மட்டும் போட்டா, அது உங்களை நேரா ஐ-40-ல் ஏத்திவிட்டுடும். நடுவில் வரும் குட்டி ஊர்களையும் ஸ்டாப்பா சேர்க்கணும். அரிசோனாவில் செலிக்மனில் இருந்து கிங்மன் போகணும்னா பீச் ஸ்பிரிங்ஸ், ஹேக்பெர்ரி ரெண்டையும் போடுங்க. பழைய ரோட்டிலேயே கூட்டிட்டுப் போகும். கிளம்பும் முன்னாடி மேப்பை ஆஃப்லைனில் டவுன்லோட் செஞ்சிடுங்க. மணிக்கணக்கா சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு. அம்மாகிட்டயும் மாமியார்கிட்டயும் இதை முன்கூட்டியே சொல்லி வெச்சா, ஊரில் யாரும் பதற மாட்டாங்க.

கார் விஷயத்துக்கு வர்றேன். ஒரு ஊரில் எடுத்து வேற ஊரில் விட்டா தனியா டிராப் கட்டணம் வரும். நாலு கம்பெனியில் விலை கேட்டுப் பார்த்துட்டு புக் பண்ணுங்க. அக்ரிமெண்டில் ரெண்டு பேர் பெயரும் இருக்கட்டும். தங்கச்சி, லைசென்ஸ் வெச்சுக்கிட்டு வழி முழுக்கப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வராதே! ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறி மாறி ஓட்டுங்க. ஸ்டியரிங் ஒருத்தர் கையில், மேப் இன்னொருத்தர் கையில். மேப் வெச்சிருக்கறவர் ‘அடுத்த எக்ஸிட்டில் இறங்கணும்’னு சொன்னா ஓட்டுறவர் இறங்கணும். திருப்பம் தவறிப்போனா, அடுத்த எக்ஸிட்டில் திரும்பி வந்தா முடிஞ்சது. ‘நான் அப்பவே சொன்னேன்ல’ங்கற வசனம் காருக்குள்ளே கேட்கவே கூடாது. ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல வேண்டாம். புதுசா கல்யாணமானவங்க சண்டை பெரும்பாலும் பசியிலும் இருட்டிலும்தான் வரும். பொழுது சாயறதுக்குள்ள ரூமுக்குப் போயிடுங்க.

நேரம் கவனம். கோடையில் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கும், அரிசோனா வைக்காது. ஆனா அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடிப் பகுதி தள்ளி வைக்கும். அங்கே டூர் எதுவும் புக் பண்ணினா எந்த நேரக் கணக்குன்னு கேட்டுக்கோங்க.

இந்தப் பயணத்தில் அவசரப்படவே கூடாத இடம் செலிக்மனில் இருந்து ஓட்மன் தாண்டிப் போகும் பகுதி. அரிசோனாவில் சுமார் 160 மைல் பழைய ரோடு அறுபடாம கிடைக்கறது இங்கேதான். 1978-ல் ஐ-40 திறந்ததும் செலிக்மன் வழியா வந்த வண்டிகள் ஒரே நாளில் நின்னுபோச்சு. ஊரே காலியாகும் நிலைமை. அந்த ஊர் முடிதிருத்துபவர் ஏஞ்சல் டெல்காடியோ 1987-ல் ஊர்க்காரங்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பிச்சு, அரசாங்கத்தை விடாம கேட்டு, இந்த ரோட்டை ‘வரலாற்றுச் சாலை’ன்னு அறிவிக்க வெச்சார். இன்னிக்கு நாம ரூட் 66-னு தேடிப் போறதுக்கு அவருக்குப் பெரிய நன்றி சொல்லணும். அதனால அங்கே வெறும் போட்டோ எடுத்துட்டு கிளம்பாதீங்க. ஒரு காபி குடிங்க, ஒரு ஃபிரிட்ஜ் மேக்னட்டாவது வாங்குங்க. உங்க பத்து டாலர்தான் அந்த ஊருக்குச் சோறு.

கிங்மன் தாண்டினதும் சிட்கிரீவ்ஸ் கணவாய். கொண்டை ஊசி வளைவுகள், பல இடத்தில் ஓரத்தில் தடுப்பே கிடையாது. காலையிலேயே ஏறிடுங்க, மலையில் நல்லா ஓட்டுறவர் கையில் ஸ்டியரிங் இருக்கட்டும். ஃபியூயல் பம்ப் இல்லாத பழைய கார்கள் இந்த மாதிரி ஏற்றத்தில் முன்பக்கமா ஏறினா இன்ஜினுக்குப் பெட்ரோல் இறங்காதாம், அதனால ரிவர்ஸ் கியரில் ஏறியிருக்காங்க! மேலே நின்னு கீழே வளைஞ்சு போற ரோட்டைப் பார்த்தா அது எவ்வளவு பெரிய துணிச்சல்னு புரியும். இறங்கினா ஓட்மன். தங்கச் சுரங்கக் காலத்தில் விட்டுட்டுப் போன கழுதைகளோட வம்சம் நடுத்தெருவில் நிக்கும், கார் கண்ணாடிக்குள்ளே மூக்கை நீட்டும். குட்டிகளுக்கு மட்டும் எதுவும் ஊட்டாதீங்க. கழுதைக்குப் பின்னாடி நின்னு செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

அடுத்து மொஹாவி பாலைவனம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க, வெயில் 45 டிகிரியைத் தொடும். ஏப்ரல், மே, அக்டோபர் நல்ல மாசங்கள். டேங்க் பாதிக்குக் குறைஞ்சா பார்க்கிற முதல் பங்கில் நிரப்புங்க. ஆளுக்கு ஒரு கேலன் தண்ணி எப்பவும் வண்டியில் இருக்கணும். ஆம்பாய் பக்கம் பழைய மரப்பாலங்கள் வெள்ளத்தில் சேதமாகி ரோட்டை மூடிடுவாங்க. கவுண்டியின் சாலை அறிவிப்பை முந்தின நாள் ராத்திரியே பாருங்க. ‘ரோடு மூடல்’ பலகையைச் சுத்திக்கிட்டுப் போகக் கூடாது.

சாப்பாடு. சைவம்னா கஷ்டம்தான், பட்டினி இல்லை. நியூ மெக்சிகோவில் எதை ஆர்டர் பண்ணினாலும் சிவப்பு மிளகாய் சாஸா, பச்சையான்னு கேட்பாங்க. ‘கிறிஸ்துமஸ்’னு சொன்னா ரெண்டும் ஊத்தித் தருவாங்க, நம்ம நாக்குக்கு அருமை! பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்கறது உண்டு, கேட்டுட்டு வாங்குங்க. ஐ-40 ஓரத்தில் லாரி டிரைவர்களுக்காகப் பஞ்சாபிகள் நடத்தும் தாபாக்களில் சூடான ரொட்டி, பருப்பு கிடைக்கும். பையில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெய். மைக்ரோவேவில் 90 வினாடியில் தயாராகும் சாதப் பாக்கெட்டும் தயிரும் கடையில் வாங்கிக்கலாம். ராத்திரி மோட்டலில் புளியோதரையும் தயிர்சாதமும் ரெடி.

தங்கறதுக்கு தினமும் செயின் ஓட்டல் வேண்டாம். ஒரு ராத்திரியாவது அரிசோனாவின் ஹோல்புரூக்கில் இருக்கும் விக்வாம் மோட்டலில் தங்குங்க. 1950-ல் கட்டின 15 கான்கிரீட் கூடாரங்கள், ஒவ்வொண்ணும் ஒரு ரூம். சுவர் சாய்வா இருக்கறதால உள்ளே பெரிய சூட்கேஸை விரிக்க இடம் பத்தாது. ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் ஒரு சின்னப் பையில் எடுத்துக்கோங்க. வாசலில் பழைய காலத்துக் கார்களை நிறுத்தி வெச்சிருப்பாங்க. 15 ரூம்தான்கறதால சீக்கிரம் நிரம்பிடும். அதனால தேதி முடிவானதும், விமான டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே அங்கே ரூம் இருக்கான்னு கேட்டுடு தங்கச்சி.