எழுத்தின் உருவம் அஞ்சலில் போவதில்லை

திருச்சி,
தெப்பக்குளம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்ரீரங்கம் கோயில் வரலாறான கோயிலொழுகு பற்றி நீ எழுதிய கட்டுரையைக் கருத்தரங்குக்காரர்கள் திருப்பிவிட்டார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். “வெறும் இங்கிலீஷ் எழுத்தாக இருக்கிறது, படிக்க முடியவில்லை” என்றார்களாம். “இங்க நல்லாத்தானே தெரியுது” என்று நீ அழாத குறையாம். உன்னிடம் நல்லாத்தான் தெரியும். கோளாறே அங்குதான்.

மின்னஞ்சல் எழுத்தின் உருவத்தைச் சுமந்து போவதில்லை; எண்களைத்தான் சுமந்து போகிறது. அந்த எண்ணுக்கு எந்த உருவம் என்பதைப் போய்ச் சேர்ந்த இடத்துக் கம்ப்யூட்டர் தன் கையிருப்பை வைத்து முடிவு செய்யும். ஆகவே எதை அனுப்பினாலும், உன் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற எதையும் அது நம்பியிருக்கக் கூடாது. ஒன்று, எல்லாரிடமும் இருப்பதைப் பயன்படுத்து. இல்லையென்றால் வேண்டியதைக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்பு. நான் சொல்லப்போவது எல்லாம் இதன் கிளைகள்தான்.

உன் கட்டுரையை அடித்துக் கொடுத்தவர் பாமினியில் அடித்திருக்கிறார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.டி.பி. கடைகளில் பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துரு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவருக்குப் பாமினியில் கை தானாக ஓடும். பழைய தட்டச்சுப் பொறியின் விசை வரிசையை ஒட்டியது அது. ஆனால் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் உட்கார்வது இங்கிலீஷ் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அவற்றுக்குத் தமிழ் முகம் மாட்டிவிடுவது அந்த எழுத்துரு ஒன்றுதான். அது இல்லாத கம்ப்யூட்டரில் முகம் கழன்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்த அஞ்சல் விதிப்படி, 128 குறிகளுக்குள் அடங்கும் எழுத்துதான் பத்திரமாகப் போகும். அதற்குள் இங்கிலீஷும் எண்களும் சில குறிகளும்தான். இங்கிலீஷ் இடத்திலேயே குடியேறிய பாமினி அந்த வழியில் பெரும்பாலும் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. புலம்பெயர்ந்த தமிழர்களிடையே அது அவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. எழுத்துருவையும் கூடவே அனுப்பிவிட்டால் போதும், காரியம் நடந்துவிடும்.

இப்போது அந்தத் தேவை இல்லை. யூனிகோடு என்ற பொது எண்முறையில் தமிழுக்குத் தனி எண்கள் உண்டு. 2010 ஜூனில் தமிழக அரசும் ஆணையிட்டு யூனிகோடை ஏற்றது. விண்டோஸில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே யூனிகோடுத் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. இத்தனைக்குப் பிறகும் கல்லூரி மாணவி ஒருத்திக்குப் பாமினியில் அடித்துக் கொடுக்கிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை. உன் கோப்பை என்.எச்.எம். கன்வெர்ட்டரிலோ பொங்குதமிழிலோ போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள். மாற்றியதும் அப்படியே அனுப்பிவிடாதே, ஒரு முறை வரி வரியாகப் படி. பாமினியில் ‘கொ’ அடிக்கும்போது கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால்: கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் க முன்னால், உயிர்க்குறி அதன் பின்னால். கன்வெர்ட்டர்தான் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று அநாதையாக நிற்கும். இடையில் வந்த இங்கிலீஷ் சொற்களையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். உன் அடிக்குறிப்பில் இருக்கும் இங்கிலீஷ் நூற்பெயர்களை முதலில் பார்.

ஸ்ரீரங்கத்துக்காரிக்கு என்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. பழைய முறைகளில் ‘ஸ்ரீ’க்கு ஒரே ஓர் எண். யூனிகோடில் அதை ஸ, புள்ளி, ர, ஈகாரக்குறி என்று எழுதலாம். 2005-இல் ‘ஶ’ என்ற கிரந்த எழுத்து சேர்ந்த பிறகு அதை முதலில் வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். உள்ளே எண் வேறு. உன் கட்டுரையில் ஸ்ரீரங்கம் என்று தேடினால் பாதி இடங்கள் அகப்படாமல் போகலாம். ஒரே வகைக்கு மாற்றிவிடு. கோப்பின் பெயரில் ஸ்ரீயும் வேண்டாம், தமிழே வேண்டாம். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் கடிதத் தலைப்பில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிற சில பழைய மென்பொருள்கள்கூட இணைப்பின் பெயரில் உளறிவிடும். இங்கிலீஷ் எழுத்து, எண், சிறு கோடு: அத்தோடு நிறுத்திக்கொள்.

யாராவது “தப்பா வந்திருக்கு” என்றால், எப்படித் தப்பாக இருக்கிறது என்று கேள், ஒரு போட்டோ வாங்கிப் பார். கட்டம் கட்டமாக இருந்தால் எழுத்து பிழைத்திருக்கிறது, அங்கே எழுத்துருதான் இல்லை. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று மாறி மாறி வந்தால், அது யூனிகோடுத் தமிழேதான். இணையத்தில் பெரிதும் புழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இதை மேற்கத்திய எழுத்து என்று தப்பாக எடுத்துக்கொண்ட மென்பொருள், 224-க்கு அந்த ஏ-வையும் 174-க்கு வட்ட ஆரையும் காட்டுகிறது. குறியேற்றத்தை யூ.டி.எஃப்-8 என்று மாற்றிப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெயர்ப் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக அனுப்பி, அவர்கள் எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தாலும் இதே கோலம்தான்; சேமிக்கும்போதே யூ.டி.எஃப்-8 சி.எஸ்.வி. என்பதைத் தேர்ந்தெடு. வெறும் கேள்விக்குறிகளாக வந்திருந்தால் மட்டும் மருந்து கிடையாது. வழியில் எங்கோ எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தக் குறியை வைத்திருக்கிறார்கள். திரும்ப அனுப்புவதுதான் வழி.

இணைப்பு என்ற ஒன்று ஒழுங்காகப் போகத் தொடங்கியதே 1992-இல், மைம் என்ற விதிமுறை வந்த பிறகு. அதை வகுத்தவர்களில் ஒருவரான நேதானியல் போரன்ஸ்டைன் அந்த ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி தம் பாட்டுக் குழுவின் படத்தைத்தான் இணைத்து அனுப்பினார். இணைப்பை அந்த 128 குறிக்குள் அடக்குவதற்காக மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றுகிறார்கள். அதனால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். ஜிமெயில் 25 எம்.பி. வரை அனுமதிக்கிறது என்று 24 எம்.பி. கோப்பை இணைத்துவிட்டு முழிக்காதே. பதினெட்டைத் தாண்டினால் டிரைவில் ஏற்றிச் சுட்டியை அனுப்பு. சுட்டி வைத்திருப்பவர் யாரும் திறக்கலாம் என்று அனுமதி கொடுத்தாயா என்று பார்த்துவிட்டு அனுப்பு.

அலுவலகங்களிலிருந்து சில சமயம் வின்மெயில் டாட் டேட் என்ற ஒரே கோப்பு வந்து நிற்கும், எதிலும் திறக்காது. வைரஸ் என்று பதறாதே. அனுப்பியவரின் அவுட்லுக் ரிச் டெக்ஸ்ட் வடிவில் கட்டிய மூட்டை அது. நிஜக் கோப்பு உள்ளே இருக்கிறது. எச்.டி.எம்.எல். வடிவில் மறுபடி அனுப்பச் சொன்னால் போதும்.

கடிதத்துக்குள்ளேயே அட்டவணை, வண்ணம், பக்கவாட்டில் படம் என்று அலங்கரிக்காதே. விண்டோஸில் நிறுவும் பழைய வகை (கிளாசிக்) அவுட்லுக், 2007 பதிப்பு முதல் கடிதத்தை வேர்டின் இயந்திரத்தைக் கொண்டு வரைகிறது. ஜிமெயிலை நாம் பிரவுசரில் பார்க்கிறோம். ஒரே அட்டவணை இரண்டிலும் இரண்டு விதமாகக் கோணும். வேர்டிலிருந்து எடுத்து ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்து; வெறும் எழுத்து மட்டும் வரும். அழகு வேண்டுமென்றால் எழுத்துருவை உள்ளே பொதிந்த பி.டி.எஃப்பாக இணை. அச்சகத்தில் “கர்வ் பண்ணிட்டியா?” என்று கேட்பார்களே, அதற்கும் நோக்கம் இதுதான், எழுத்தையே கோடாக்கிவிட்டால் எழுத்துரு தேவையில்லை. ஆனால் கர்வ் செய்த கோப்பில் ஒரு பிழையைக்கூடத் திருத்த முடியாது, மூலத்தை அழித்துவிடாதே.

கருத்தரங்குக்கு பி.டி.எஃப்பும் வேர்டு கோப்பும் இரண்டையும் அனுப்பு. பி.டி.எஃப் கட்டுரை எப்படித் தெரிய வேண்டும் என்பதைக் காட்டும். தொகுப்பாசிரியர் கைவைப்பது வேர்டில்தான். பி.டி.எஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிப் பலமுறை குப்பையாகத்தான் வரும்.

கல்வெட்டுப் படங்களை ஐபோனில் எடுத்திருப்பாய். 2017 முதல் அது எச்.இ.ஐ.சி. என்ற வகையில் சேமிக்கிறது. பழைய விண்டோஸில் திறக்காது. ஜேபெக் ஆக்கி அனுப்பு. அனுப்புவதற்கு முன் உன் அப்பாவின் ஆண்ட்ராய்டு போனுக்கும் எனக்கும் ஒரு பிரதி போடு. என் கடையில் ஜன்னலோரம் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா