வாய்க்காற் செடிகளும் கடைமடை நீரும்

காவிரிப் பாசனப் பகுதியில் ஆண்டுதோறும் எழும் வழக்கொன்று உண்டு. தம் ஊரில் வாய்க்கால் கரை தொட ஓடுகிறது என்பார் தலைமடைக்காரர். தம் வயல் வெடித்துக் கிடக்கிறது என்பார் கடைமடைக்காரர். இருவர் சொல்வதும் உண்மையாயிருக்கக்கூடும். நீர் உயர்ந்து நிற்பது வேறு, மிகுந்து ஓடுவது வேறு. பல இடங்களில் இவ்வேறுபாட்டை உண்டாக்குபவை வாய்க்காலுக்குள் மண்டிய செடிகளே.

துப்புரவான மண் வாய்க்காலில் தரையும் கரையும் மட்டுமே நீரோடு உராய்கின்றன. கோரையும் சம்பும் வளர்ந்துவிட்டாலோ ஒவ்வொரு தண்டும் ஒரு சிறு தடுப்பாகிறது. நீர் அதைச் சுற்றிச் சுழன்று வேகம் இழக்கிறது. அயர்லாந்துப் பொறியியலாளர் இராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்த வாய்பாடு இன்றும் வழக்கில் உள்ளது. அதில் வாய்க்காலின் சொரசொரப்பைக் குறிக்க ஓர் எண் உண்டு. துப்புரவான மண் வாய்க்காலுக்கு அது ஏறத்தாழ 0.022, நீர்மட்டம் வரை செடி அடர்ந்தால் 0.08-ஐயும் எட்டும். சரிவும் ஆழமும் மாறாதிருக்க, இவ்வெண் இரு மடங்கானால் ஓடும் நீர் பாதியாகும். பழைய அளவே ஓடவேண்டுமாயின், அகன்ற வாய்க்காலில் 2 அடி ஆழ நீர் 3 அடிக்கு உயர்ந்தாக வேண்டும். அவ்வளவு கரை இல்லாத இடத்தில் உடைப்பு நேரும். கரை இருந்தாலோ மேல்மடைகளில் நீர் மிகுதியாகப் பாய்ந்துவிடும். இரு வகையிலும் கடைமடைக்கு நட்டமே.

இதை ஊராட்சியே அளந்து பார்க்கலாம். செடியில்லாத நேரான இடத்தில் கரைமீது 100 அடி அளந்து இரு முளைகள் அடியுங்கள். சிறு மரக்கட்டை ஒன்றை மேல்முளைக்குச் சற்று மேலே நடுநீரில் இட்டு, முளைக்கு முளை செல்ல ஆகும் விநாடிகளை எண்ணுங்கள். மேல்நீர் அடிநீரைவிட விரைந்து ஓடுவதால், கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதை அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன அடி என்பது தெரியும். 8 அடி அகல வாய்க்காலில் ஜூன் மாதம் 2 அடி ஆழத்தில் கட்டை 50 விநாடியில் கடந்ததாகக் கொள்வோம். 27 கன அடி ஓடுகிறது. செப்டம்பரில் ஆழம் 3 அடி. கட்டைக்கோ 100 விநாடி ஆகிறது. இப்போது 20 கன அடிதான்! நீர் ஓரடி உயர்ந்தது. வரத்தோ 7 கன அடி குறைந்தது. கட்டை போகும் வழியில் செடியில் சிக்கி நின்றேவிட்டால், அதற்கு மேல் கணக்கே வேண்டா.

வேகம் குறைந்த நீரில் வண்டல் படிகிறது. அவ்வண்டலில் கோரை மேலும் வேரூன்றுகிறது. ஆகவே ஓராண்டு விட்ட வேலை மறு ஆண்டில் பெருகி நிற்கும்.

செடிகள் யாவும் பகையல்ல. கரைச்சரிவில் படர்ந்த அறுகு வெள்ளத்தில் படிந்து கொடுக்கும். மண்ணையும் பற்றி நிற்கும். தூர் வாரும்போது அதையும் சுரண்டிவிடுவது பார்வைக்கு அழகாயிருக்கலாம். அடுத்த மழையில் அக்கரை மண்ணே வாய்க்காலுக்குள் வந்து சேரும். இவ்வழக்கத்தை நாம் ஒப்பவில்லை. நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டி அங்கேயே போடுவதும் வீண். வெட்டிய தண்டு ஈரத்தில் மீண்டும் துளிர்க்கும். வேரோடு களைந்து, உலர்ந்த மேட்டில் காயவைக்க வேண்டும். அது கால்நடைகளுக்கு நஞ்சு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை, ஏற்ற சூழலில் இரு வாரத்தில் இரு மடங்காகும், மதகுகளை அடைத்துக்கொள்ளும். அதன் விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடிருக்குமாதலால், பூக்குமுன் வாரிச் சாணத்தோடு குழியில் மக்கவைத்தல் நன்று.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன் தூர் வாரியதோடு பணி முடிந்ததாகப் பல ஊர்களில் எண்ணுகின்றனர். செடி செழிப்பதோ நீர் வந்த பிறகுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் இறுதிக்குள், செடி அறுக்கும் பணி மறுமுறையும் நடைபெற வேண்டும். வடிகாலையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். அவ்வேலையைக் கீழ்ப்புறத்தில் தொடங்கி மேல்நோக்கிச் செல்க. மேலிருந்து தொடங்கினால் அறுபட்ட செடி மிதந்து சென்று கீழூரின் மதகை அடைக்கும். எனவே நாள் குறிக்கும்போது கடைமடை ஊராட்சியாரையும் அழைத்துப் பேசி முடிவு செய்வது நலம்.