செட்டிங் சேர்க்கும் முன்
டேட்டாபேஸ் மென்பொருள் எழுதும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? 'ஒரு செட்டிங் சேர்த்துவிடுங்கள்' என்ற வேலை சீக்கிரமே உங்களிடம் வரும். அவரவர் தோன்றிய இடத்தில் சேர்த்துக்கொண்டே போனால் ஒன்று ஃபைலில் இருக்கும், ஒன்று கமாண்ட் லைனில், இன்னொன்று என்விரான்மென்ட் வேரியபிளில். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால், பணியில் இருப்பவர் எதை என்று தேடுவார்?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 2001-இல் வந்த 7.1 பதிப்பில் இதற்கு வழி கண்டது. சிதறிக் கிடந்த செட்டிங்குகளை 'ஜியுசி' என்ற ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை:

ஒரே பதிவேடு: பெயர், வகை, இயல்பு மதிப்பு, எல்லைகள், ஒரு வரி விளக்கம் எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும். மதிப்பு எந்த வழியாக வந்தாலும் ஒரே சோதனையைத் தாண்ட வேண்டும்.

எப்போது அமலாகும்? 'ஷேர்டு பஃபர்ஸ்' நினைவகம் சர்வர் கிளம்பும்போதே ஒதுக்கப்படுகிறது. அதை மாற்றினால் ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். வேறு சிலவற்றுக்கு ரீலோட் போதும். வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான நினைவக அளவைச் சொல்லும் 'ஒர்க் மெம்' போன்றவற்றை ஓடும் செஷனிலேயே மாற்றலாம்.

யார் மாற்றலாம்? 'ஒர்க் மெம்'மைச் சாதாரணப் பயனரும் மாற்றலாம். எந்தக் கட்டளைகள் லாகில் பதிவாக வேண்டும் என்பதை அவர் கையில் விடக்கூடாது. விட்டால் தன் தடத்தைத் தானே அழித்துவிடுவார்.

எங்கிருந்து வந்தது? 'பிஜி செட்டிங்ஸ்' என்ற வியூவைக் கேட்டால் இப்போதைய மதிப்பு ஃபைலில் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்பதுவரை சொல்லும். இந்த ஒரு வசதி பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

அலகு: முன்பு 'ஷேர்டு பஃபர்ஸ்'ஸில் 1000 என்று எழுதினால் ஆயிரம் 8 கேபி பக்கங்கள் என்று பொருள். மனக்கணக்கு தெரியாதவர் மாட்டிக்கொள்வார். 2006-இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து எம்பி, நிமிடம் என்று அலகோடு எழுதலாம்.

பழையதைக் கைவிடும்போது: மீட்பு செட்டிங்குகளுக்கென்று தனியாக இருந்த 'ரெக்கவரி' ஃபைல் 2019-இல் 12-ஆம் பதிப்பில் பொது ஏற்பாட்டோடு சேர்ந்தது. பழைய ஃபைல் கிடந்தால் சர்வர் கிளம்பவே மறுக்கும். கண்டுகொள்ளாமல் ஓடித் தரவைக் கெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ரிவ்யூவுக்கு அனுப்பும் குறிப்பிலேயே இவற்றுக்குப் பதில் எழுதிவிடுங்கள். எழுத வரவில்லையென்றால், அந்த செட்டிங் தேவைதானா என்று குழுவிடம் கேளுங்கள். புதியவர் கேட்கத் தயங்க வேண்டிய கேள்வி இல்லை அது.