பூனைக்காலி விதையும் ஒரு நிதி விண்ணப்பமும்

அன்புள்ள மாணவிக்கு,

நீ கொடுத்த ஆய்வுத்திட்டத்தைக் கடலூரில் பேருந்து ஏறியதும் பிரித்தேன். சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டுவதற்குள் முதல் பக்கத்தில் மூன்று இடங்களில் பென்சில் வைத்துவிட்டேன். மூன்றும் ஒரே சொல்: ‘குணமாக்கும்’.

அதை அடித்துவிடு. நீ ஆராயப்போகும் நடுக்குவாதத்தை, அதாவது பார்க்கின்சன் நோயை, ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதியது 1817இல். இன்றைக்கும் இருப்பவை நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்கும் சிகிச்சைகள்தாம். நோயின் ஓட்டத்தை நிறுத்துவது எதுவுமில்லை. மூன்று வருட நிதியில் குணமாக்குகிறேன் என்றால், மதிப்பிடும் நிபுணர் இரண்டாம் பக்கத்துக்கு வரமாட்டார்.

பயன் முன்கூட்டியே தெரிவதுமில்லை. 1937இல் சென்னைச் சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில், தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நோய்க்கும் இந்தப் பொருளுக்கும் உறவுண்டு என்று அன்று யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமைனுக்குத் தனி வேலை உண்டென்று ஆர்விட் கார்ல்சன் காட்டியது 1950களின் கடைசியில். மூளையில் டோபமைனாக மாறும் டோபாவைக் கோட்சியாஸ் அதிக அளவில் வாய்வழியே கொடுத்து நோயாளிகளிடம் பெரும் மாற்றம் கண்டது 1967இல். இடையில் 30 வருடம். விதை வாங்கிய காசுக்குப் ‘பயன் என்ன’ என்று 1938இல் கேட்டிருந்தால் அவர்கள் எதை எழுதியிருப்பார்கள்?

பயனே சொல்லாதே என்கிறேனா? இல்லை. வாக்குறுதியை விட்டுவிட்டுக் கேள்வியைச் சொல். உங்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துறையில் ரொட்டினோன் கொடுத்து எலிகளில் இந்த நோயை உண்டாக்கிப் பார்க்கிறீர்கள். ரொட்டினோன் ஒரு பூச்சிக்கொல்லி. நம் பக்கத்தில் பூச்சிக்கு அடிப்பதற்கும் ‘மருந்து’ என்றே பெயர். பண்ருட்டி முந்திரித் தோப்பில் காலமெல்லாம் மருந்தடித்தவருக்குக் கை நடுங்கினால், அது வயதாலா, பரம்பரையாலா, அந்த மருந்தாலா? அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் இதைக் கேட்டு, ரொட்டினோனுக்கும் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் நோயோடு தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். நம் மாவட்டத்தில் கேட்க வேண்டியவள் நீ. உன் விண்ணப்பத்திலோ எலி மட்டுமே இருக்கிறது.

செலவுக் கணக்கையும் மாற்று. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குப் போகாத ஊர் இது. வந்து சேரும் ரூபாயைக் கருவியிலேயே முடக்காதே. கிராமம் கிராமமாகப் போகிறவருக்குச் சம்பளம், பேருந்துச் செலவு, நோயாளிக்குத் துணையாக வருபவரின் ஒருநாள் கூலி எல்லாம் போடு. நிதியைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழை நாள் தவறாமல் அனுப்பு. நான் அதில் அசட்டையாக இருந்ததில் இரண்டாம் தவணை நின்றது. என் ஆய்வு மாணவன் எட்டு மாதம் உதவித்தொகை இல்லாமல் வீட்டில் கை நீட்டினான். அந்தக் குற்றம் முழுக்க என்னுடையது.

வளாகத்து மருத்துவமனை உன் ஆய்வுக்கூடத்திலிருந்து நடக்கிற தூரம். புறநோயாளிகள் வரும் ஒரு காலையில் அங்கே அரை நாள் உட்கார்ந்திரு. சட்டைப் பொத்தான் போட முடியாமல் தடுமாறுகிறவர்களைப் பார். முதல் பக்கத்தை அதன் பிறகு எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்