நோய்நிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

ஒரு சங்கத்தின் நிர்வாகம் அங்கத்தினருக்கு ஒவ்வாதபோது அவர் செய்யத்தக்கவை இரண்டு. மகாசபையில் எழுந்து கேட்கலாம்; அல்லது கணக்கைத் தீர்த்துக்கொண்டு வேறிடம் செல்லலாம். நோய்க்காலத்தில் உதவும் பொதுநிதிகளில் இவ்விரண்டாம் வழியைத் திறந்துவிட்டால் என்ன நேரும் என்பதை ஜெர்மனி நாட்டைக் கொண்டு இம்மாதம் ஆராய்வோம்.

அந்நாட்டில் கைவினைஞர்களும் சுரங்கத் தொழிலாளரும் தமக்குள் சிறு தொகை சேர்த்து நோயுற்றவர்க்கு உதவும் வழக்கம் பழமையானது. 1883-இல் பிஸ்மார்க் காலத்துச் சட்டம் இதனைத் தொழிலாளர்க்குக் கட்டாயமாக்கியது. சந்தாவில் இரு பங்கு தொழிலாளரும் ஒரு பங்கு முதலாளியும் செலுத்தினர். நிர்வாகத்தில் இரு சாராருக்கும் இடம் உண்டு. இன்று ஜெர்மானியரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் இத்தகைய பொதுநிதிகளில் உள்ளனர்.

ஆயின் வெகுகாலம் வரையில், எந்த நிதியில் சேர்வது என்பதை அவரவர் தொழிலும் வேலையிடமுமே பெரும்பாலும் தீர்மானித்தன. எழுத்தர்களுக்கு ஓரளவு தேர்வு இருந்தது. உடலுழைப்பாளர் பலருக்கு இல்லை. முதியோரும் குறைந்த கூலிக்காரரும் மிகுந்த நிதி கூடுதல் சந்தா வாங்கியே தீரவேண்டும். ஒரே கூலி பெறும் இருவரில் ஒருவர் மற்றவரைவிட மிகுதியாகச் செலுத்தினார், விலகவும் வழியில்லை. இந்த அநீதியைப் போக்க 1992-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1996 முதல் ஏறக்குறைய யாவருக்கும் தேர்வுரிமை கிடைத்தது. வயதையோ நோயையோ காட்டி எவரையும் மறுத்தல் ஆகாது என்பதும் விதி.

இங்கேதான் சிக்கல். துணி விற்பவருக்கு வாடிக்கையாளர் யாராயினும் இலாபம் ஒன்றே. நோய்நிதிக்கு அவ்விதமன்று. திடகாத்திரமான இளைஞர் ஆயிரம் பேர் சேர்ந்தால் சந்தாவைக் குறைக்கலாம். நீரிழிவுக்காரர் ஆயிரம் பேர் சேர்ந்தால் உயர்த்த வேண்டும். நல்ல வைத்தியத்துக்குப் பெயரெடுத்தால் நோயாளிகளே திரண்டு வருவர். ஆகவே நற்பெயரே நஷ்டமாகும்! விண்ணப்பத்தை மறுக்கவும் வேண்டியதில்லை. அலுவலகத்தை மூன்றாம் மாடியில் வைத்தாலே மூட்டுவலிக்காரர் வரமாட்டார்.

சட்டம் செய்தோர் இதனை அறிந்திருந்தனர். எனவே தேர்வுரிமைக்கு முன்பே, 1994-இல், நிதிகளுக்கிடையே ஈடுசெய்யும் ஏற்பாட்டைத் தொடங்கினர். முதியோர் மிகுந்த நிதிக்கு இளைஞர் மிகுந்த நிதியிலிருந்து பணம் செல்லும். எனினும் அறுபது வயதினர் இருவரில் ஒருவர் நலமாகவும் மற்றவர் சிறுநீரகம் பழுதுற்றும் இருக்கக்கூடும். ஆதலால் 2009 முதல் சந்தா முழுவதையும் ஒரு மத்திய நிதியில் திரட்டி, 80 நோய்களைக் கணக்கிட்டுப் பகிர்ந்தனர்; 2021 முதல் எல்லா நோய்களும் கணக்கில் வந்துள்ளன.

இவ்வளவு செய்தும் 2011-இல் நிகழ்ந்ததைக் கேளுங்கள். கடனில் மூழ்கிய 'சிட்டி பி.கே.கே.' என்னும் நிதி அவ்வாண்டு ஜூலை முதல் நாள் மூடப்பட்டது. 1,60,000-க்கு மேற்பட்டோர் வேறு நிதி தேட நேர்ந்தது. பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் இருந்த முதியோர் அவருள் பலர். சட்டப்படி எந்த நிதியும் அவர்களை ஏற்றாக வேண்டும். ஆயினும் சில நிதிகளின் அலுவலகங்கள் ஏதேதோ காரணம் கூறி அவர்களைத் திருப்பியனுப்ப முற்பட்டன. சுகாதார மந்திரியும் மேற்பார்வை இலாகாவும் எச்சரித்த பின்னரே நிலைமை சீரடைந்தது. ஈட்டுத்தொகை சராசரிச் செலவைத்தான் தரும். சராசரிக்கு மேல் செலவு வைப்பவர் என்று தோன்றினால் இன்னும் அச்சமே. போட்டியின் கேடு சட்டப் புத்தகத்தில் தெரியாது, வரவேற்பு மேசையில் தெரியும் என்பது நம் கருத்து.

பிறகு விளையாட்டு தலைகீழாயிற்று. நோயைப் பதிந்தால் பணம் வருமாதலால், வைத்தியர்களைக் கொண்டு நோயைக் கடுமையாக எழுதுவிக்கும் வழக்கம் நிதிகளிடையே இருப்பதாக 2016-இல் ஒரு பெரிய நிதியின் தலைவரே வெளிப்படையாகக் கூறினார். மறு ஆண்டே அதனைத் தடுக்கச் சட்டம் வந்தது.

நன்மை இல்லையா? உண்டு. சந்தா ஏற்றத்தாழ்வு வெகுவாகக் குறைந்தது. தன் நிதி கூடுதல் சந்தாவை உயர்த்தினால் அங்கத்தினர் விலகலாம் என்பதால் நிர்வாகிகள் சிக்கனமாக நடக்கின்றனர். ஆனால் விலகுவோரில் இளையோரும் நலமுள்ளோருமே மிகுதி. படுக்கையில் கிடப்பவர் நிதி மாறுவது அரிது. ஆயிரத்துக்கு மேலிருந்த நிதிகள் ஒன்றோடொன்று இணைந்து, இன்று நூற்றுக்கும் குறைவாகிவிட்டன.

மகாசபையில் எழுந்து கேட்கும் முதல் வழியோ தளர்ந்திருக்கிறது. ஆறாண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2023-இல், பிரதிநிதிகள் தேர்தல் நடந்தது. ஆயினும் பல நிதிகளில் எத்தனை இடங்களோ அத்தனை வேட்பாளரே நிற்பதால் வாக்குச்சீட்டே வருவதில்லை. ஜெர்மானியர் இதற்கு 'அமைதித் தேர்தல்' என்று பெயரிட்டிருக்கின்றனர்.